இறைவன் தந்த முகத்தை மாற்றலாமா?

2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஜெபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றுகொண்டிருந்தார்கள். சக்கிரீஸ்து அறையின் வாயிலில் நமது பங்கைச் சேர்ந்த தையற்கடைக்காரர் ஒருவர் தயங்கி நின்றார். அனைவரும் போன பிறகே வாய் திறந்தார்.

“சாமி, ஒன்று கேட்க வேண்டும். இறைவன் தந்த முகத்தை மாற்றலாமா? அது பாவமில்லையா?”

அவர் தமது மூத்த மகளைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு அப்பொழுது வயது 19. கல்லூரி மாணவி, பாடற்குழுவில் நல்ல குரல் உடையவள். பிறந்தபொழுது எல்லாக் குழந்தைகளையும் போலவே இருந்தாள். 12, 13 வயதுக்கு மேல் கீழ்த்தாடை மட்டும் முன்னோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. மேல்வரிசைப் பற்களைத் தாண்டிக் கீழ்வரிசைப் பற்கள் வெளியே நின்றன. பள்ளியில் பட்டப்பெயர்கள் சூட்டினார்கள். பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பத்தாரும் நேரில் பார்த்தபின் பதில் அனுப்பவில்லை.

கொரோனாக் காலத்தில் ஊரெல்லாம் முகக்கவசத்தை நொந்துகொண்டது. இவளுக்கோ அந்த இரண்டு ஆண்டுகளே நிம்மதியாகக் கழிந்தன. எல்லாரும் வாயை மூடியிருந்ததால் இவளும் எல்லாரையும் போல் இருந்தாள். பின்னர் எல்லாரும் கவசத்தைக் கழற்றிவிட்டார்கள், இவள் கழற்றவில்லை. நற்கருணை வாங்கும்பொழுதுகூட ஒரு நொடி மட்டும் கவசத்தைத் தாழ்த்தி, உடனே உயர்த்திக்கொள்வதை நாமும் கண்டிருக்கிறோம். நோய்க்கு அஞ்சுகிறாள் என்றே எண்ணியிருந்தோம்.

தாடையை அறுவைச் சிகிச்சையால் சீர்படுத்தலாம் என்று பல் மருத்துவர் ஒருவர் கூறியிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் மனம் ஒப்பவில்லை. ஆகவே தந்தை நம்மிடம் வந்தார்.

நாம் என்ன சொன்னோம்? “முகத்தை மனிதர் பார்க்கிறார்கள், உள்ளத்தை இறைவன் பார்க்கிறார். பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் தந்ததை மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளப் பழகட்டும்” என்றோம். கேட்பதற்கு நல்ல பதில். தந்தையும் தலையசைத்துப் போய்விட்டார். ஆனால் அது தவறான பதில் என்பதை மூன்று மாதம் கழித்தே உணர்ந்தோம்.

சுவரைப் பார்த்து உண்டவள்

2023 ஜனவரியில் புனித செபஸ்தியார் திருவிழா அசனம். பந்திகளைப் பார்த்துக்கொண்டே சமையற் பந்தலின் பின்புறம் சென்றோம். அங்கே அப்பெண் சுவரைப் பார்த்தவாறு தனியே அமர்ந்து உண்டுகொண்டிருந்தாள். ஒரு துண்டுக் கறியை விரலால் நாராக நாராகக் கிழித்து, ஒவ்வொன்றாகக் கடைவாயில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பந்திகள் எழுந்து போயின. அவள் இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பின்பு அவளுடைய தாயிடம் விசாரித்தோம். அவளுடைய முன்பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. கொய்யாப்பழத்தைக் கடிக்க இயலாது. கத்தியால் நறுக்கித் தரவேண்டும். முறுக்கை நீரில் ஊறவைத்துத் தின்பாள். காலையில் காதின் அருகே வலி. அழகுக்காக ஏங்கும் பெண் என்று நாம் நினைத்தவள், உண்மையில் சரியாக உண்ண இயலாமல் 6 ஆண்டுகளைக் கழித்திருந்தாள். உண்ணும் வழியிலுள்ள ஒரு குறையை ‘முகம்’ என்று பெயரிட்டு, அதற்கு ஒரு பிரசங்கமும் செய்துவிட்டோமே என்று வருந்தினோம்.

திருச்சபை இதுபற்றி என்ன சொல்கிறது என்று தேடினோம். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களின் மாநாட்டினருக்கு உரை நிகழ்த்தியிருக்கிறார். அதன்பின் ஐந்தே நாளில் அவர் இறைவனடி சேர்ந்தார். உடலழகும் ஒரு நன்மையே. ஆனால் அதனினும் மேலான நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது. முகத்தைச் சீர்படுத்தும் அறுவையைத் தன்னளவில் நன்று என்றோ தீது என்றோ கூறிவிட முடியாது. நோக்கமும் சூழ்நிலையுமே அதை முடிவு செய்யும் என்பது அவ்வுரையின் சாரம். அழகுக்கே இப்படியென்றால், உணவை மெல்லுவதற்குச் செய்யும் சிகிச்சையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

தையற்கடைக்குச் சென்று அந்தத் தந்தையிடம், “நாம் சொன்னது சரியன்று; மருத்துவரைப் பார்ப்போம், நாமும் உடன் வருகிறோம்” என்றோம். அன்று தொடங்கி இரண்டு ஆண்டுகள் அக்குடும்பத்தின் அருகிருந்து கண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். நமது இல்லங்களில் இத்தகைய பிள்ளைகள் இன்னும் இருக்கக்கூடும்.

இது என்ன குறை?

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒரு பெட்டியும் மூடியும் போலப் பொருந்த வேண்டியவை. ஒன்று மிகையாகவோ குறைவாகவோ கோணலாகவோ வளர்ந்தால் பற்கள் எத்தனை வரிசையாக இருந்தாலும் கடி பொருந்தாது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. சிலருக்குக் குழந்தைப் பருவத்தில் விழுந்து முகவாயில் அடிபட்டு, காதருகே உள்ள தாடை மூட்டு பழுதுபட்டிருக்கும். அப்பக்கம் தாடை வளராது. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறந்து குழந்தையாயிருக்கும்போதே அறுவை செய்துகொண்டவர்களுள் சிலருக்கு மேல்தாடை போதிய அளவு வளர்வதில்லை. கீழ்த்தாடை மிகச் சிறிதாயிருப்பவர்களுள் சிலர் உறக்கத்தில் மூச்சுத் தடைபட்டுத் திணறுவதும் உண்டு.

செல்வமும் செங்கோலும் இக்குறையைத் தீர்த்ததில்லை. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குலத்தாரின் ஓவியங்களைப் பார்த்தால், தலைமுறை தலைமுறையாக முன்னே நீண்ட கீழ்த்தாடையைக் காணலாம். நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடித்து வந்த குலம் அது. அவ்வழியில் ஸ்பெயின் நாட்டை ஆண்ட கடைசி அரசர் இரண்டாம் கார்லோஸ் (1661–1700) உணவை மென்று உண்ணவே இயலாமல் துன்புற்றவர்.

இன்று இதற்கு வழி உண்டு. இவ்வழியின் முதல் அடியை எடுத்து வைத்தவர் அமெரிக்காவின் வீலிங் நகரில் வாழ்ந்த சைமன் ஹல்லிஹன் என்னும் மருத்துவர். தீக்காயத்தின் தழும்பு இழுத்ததால் தாடை நீண்டு உருக்குலைந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவர் செய்த அறுவையின் விவரம் 1849-இல் வெளியானது. அடுத்த ஆண்டே அந்நகரின் முதல் ஆயர் ரிச்சர்டு வீலனோடு இணைந்து அவர் ஒரு மருத்துவமனையையும் நிறுவினார்.

பிரான்சு நாட்டின் ரெனே லெ ஃபோர் 1901-இல், முகத்தில் பலத்த அடி விழும்பொழுது எலும்பு எந்தெந்தக் கோடுகளில் பிளக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். விபத்தில் உடையும் அக்கோடுகளுள் ஒன்றையே இன்று மேல்தாடையை நகர்த்த மருத்துவர்கள் அளந்து வெட்டுகிறார்கள். 1950-களில் ஹூகோ ஒப்வேகேசர் என்னும் அறுவை மருத்துவர், வாயின் உட்புறமாகவே சென்று கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை வகுத்தார். ஆகவே பெரும்பாலும் முகத்தில் வெளித்தழும்பு விழுவதில்லை.

நீண்ட முன்னேற்பாடு

அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். பற்சீரமைப்புப் பிரிவும் வாய், முக அறுவைப் பிரிவும் அங்கே ஒரே வளாகத்தில் இருந்தன. இரண்டு மருத்துவர்களும் சேர்ந்தே பெண்ணைப் பார்த்தார்கள். இச்சிகிச்சையில் இது மிக இன்றியமையாதது. பற்களை நகர்த்துபவரும் எலும்பை நகர்த்துபவரும் முதல் நாளிலேயே ஒரே திட்டத்துக்கு உடன்பட வேண்டும்.

“நாளைக்கே செய்துவிடலாமா?” என்றார் தந்தை. அறுவை மருத்துவர் சிரித்தார். “ஐயா, என் வேலை நான்கைந்து மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் உங்கள் வீட்டுக்கு இரண்டு ஆண்டு வேலை இருக்கிறது” என்றார். அச்சொல்லின் உண்மையைப் போகப் போகக் கண்டோம்.

முதலில் வளர்ச்சி முடிந்துவிட்டதா என்று பார்த்தார்கள். நீளும் கீழ்த்தாடையை வளர்ச்சி முடியுமுன் வெட்டிக் குறைத்தால் அது மறுபடியும் வளர்ந்து உழைப்பை வீணாக்கும். பெண்களுக்கு வளர்ச்சி முன்னதாகவும் ஆண்களுக்குச் சில ஆண்டுகள் பின்னதாகவும் நிற்கும். எக்ஸ்ரே படங்கள், பற்களின் அச்சு, இரத்தப் பரிசோதனை எல்லாம் ஆயின.

பின்பு பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். இங்கேதான் வீட்டில் முதற் பூசல் எழுந்தது. ஓராண்டு கம்பி கட்டியபின் முகம் முன்னிலும் மோசமாகத் தெரிந்தது! “பணமும் போய்ப் பிள்ளையின் முகமும் போயிற்றே” என்று தந்தை கொதித்தார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தாடை கோணலாக வளரும்பொழுது பற்கள் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கச் சாய்ந்துகொள்கின்றன. மேற்பற்கள் வெளியேயும் கீழ்ப்பற்கள் உள்ளேயும் சாய்கின்றன. “இத்தனை ஆண்டுகளாகப் பற்கள் பொய்ச்சாட்சி சொல்லி எலும்பின் குறையை மறைத்தன. கம்பி அவற்றை நிமிர்த்துகிறது. இப்பொழுது உண்மை முழுவதும் தெரிகிறது. இதை வைத்தே எலும்பை அளந்து நகர்த்த முடியும்” என்றார். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அக்குடும்பம் பாதி வழியில் கலங்கியிராது. ஆகவே பெற்றோரே, இம்மாற்றத்தை எதிர்பார்த்திருங்கள். பலருக்கு இப்பகுதி ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பிடிக்கும்.

கீழ்த்தாடையில் புதைந்திருந்த ஞானப்பற்களை அறுவைக்கு ஆறு மாதம் முன்னரே பிடுங்கினார்கள். அந்தப் பள்ளம் எலும்பாக நிரம்ப வேண்டும். கடைசி மாதத்தில் சத்தான உணவு உண்டு உடலைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். புகை பிடிப்பவராயின் அதைக் கட்டாயம் விட வேண்டும். புகை எலும்பு கூடுவதைக் கெடுக்கும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்தையும்கூட, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

ஆபத்துகளையும் அவர்கள் ஒளிக்கவில்லை. இரத்தப்போக்கு, சீழ் பிடித்தல், பொருத்திய தகட்டைப் பின்னாளில் எடுக்க நேர்தல், தாடை சிறிது பழைய இடத்துக்குத் திரும்புதல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கீழுதடும் முகவாயும் மரத்துப்போதல். கீழ்த்தாடை எலும்பினுள்ளே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. எலும்பைப் பிளக்கையில் அது இழுபடும். பலருக்கு மாதக்கணக்கில் உணர்ச்சி சிறிது சிறிதாகத் திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி என்றுமே திரும்பாமல் நின்றுவிடும். “இதற்குச் சம்மதமா?” என்று பெற்றோரை விட்டுப் பெண்ணிடமே கேட்டார் மருத்துவர். அவள் ஒரு நாள் தவணை கேட்டாள். மறுநாள் சம்மதம் என்றாள். அந்த ஒரு நாளை அவளுக்கு விட்டுக்கொடுத்தது நல்லதாயிற்று. பின்னர் துன்பம் வந்தபொழுது, இது தன் முடிவு என்ற எண்ணமே அவளைத் தாங்கியது.

அந்த நான்கரை மணி நேரம்

2024 மே மாதத்தில் அறுவை நடந்தது. முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயை மூக்கின் வழியே செலுத்தினார்கள். பற்கள் பொருந்துகின்றனவா என்று இடையிடையே மூடிப் பார்க்க வேண்டியிருப்பதால் வாயில் குழாய் இருக்கலாகாது. மேல்தாடையை முன்னே கொணர்ந்தார்கள். கீழ்த்தாடையின் பின்பகுதியை இருபுறமும் பலகையைக் கனத்தில் பிளப்பதுபோல் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லுமாறு பின்னே தள்ளினார்கள். முன்னரே செய்துவைத்த மெல்லிய பிளாஸ்டிக் அச்சை இருவரிசைப் பற்களுக்கும் இடையே வைத்துச் சரியான இடத்தை உறுதி செய்தார்கள். சிறிய டைட்டானியம் தகடுகளாலும் திருகாணிகளாலும் எலும்பை இறுக்கினார்கள்.

முன்னாளில் இத்தகடுகள் இல்லை; இரு தாடைகளையும் ஏறத்தாழ ஆறு வாரம் கம்பியால் கட்டி வைப்பார்கள். இன்று பெரும்பாலோர்க்குச் சிறு ரப்பர் வளையங்களே போதும். எனினும் கட்டுப் போட்டு அனுப்பினால், அதனை அவசரத்தில் எங்கே, எப்படி வெட்ட வேண்டும் என்று வீட்டார் கற்றுக்கொண்டே திரும்ப வேண்டும். வெட்டும் கருவி படுக்கையருகிலேயே இருக்க வேண்டும். வாந்தி வரும்பொழுது தேடிக்கொண்டிருக்கலாகாது.

முதல் இரண்டு வாரம்

மறுநாள் வார்டுக்குள் சென்ற தந்தை, மகளின் கட்டிலைக் கடந்து போய்விட்டார். அடையாளம் தெரியவில்லை! வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்தை அடையும் என்று நமக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தும் பார்க்கத் துணிவு வரவில்லை. மூக்கு அடைத்திருந்தது, அவ்வப்போது இரத்தம் கசிந்தது. விழுங்கிய இரத்தம் கரிய வாந்தியாக ஒருமுறை வந்தது. பேச இயலாததால் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்தோம். ஒரு கைம்மணியும் கொடுத்திருந்தால் இரவில் தாயை எழுப்ப உதவியிருக்கும்.

நான்காம் நாள் வீடு திரும்பினாள். அவ்வீட்டார் கையாண்ட முறைகளைச் சொல்லுவோம். மருத்துவர் சொன்னவற்றை ஒட்டியவை அவை.

தலையை உயர்த்தியே படுக்க வேண்டும். மூன்று தலையணைகளைச் சாய்வாக அடுக்கினார்கள். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம். மேல்தாடை அறுவையானவர் சில வாரங்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உதடு வெடிக்காமலிருக்க வாசலின் தடவினார்கள். ஒவ்வொரு முறை உண்டபின்னும் இளஞ்சூட்டு உப்பு நீரால் வாய் கொப்பளித்து, குழந்தைகளுக்கான சிறு பல்துலக்கியால் பற்களையும் கம்பியையும் மென்மையாகத் துலக்க வேண்டும். வாய் சுத்தமே புண் ஆறுவதற்குப் பாதி மருந்து.

உணவுதான் தாயின் சிலுவையாயிற்று. மெல்லவே கூடாது, ஆனால் எலும்பு கூடுவதற்குப் புரதம் வேண்டும். தெளிந்த பருப்பு நீர், வடிகட்டிய ஆட்டுக்கால் சாறு, நீர்த்த கேழ்வரகுக் கூழ், மோர், இளநீர், பழச்சாறு, பால் என்று இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுத்தார். மிளகாய்க் காரம் புண்ணில் எரியும்; ஆகவே காரமில்லை. உறிஞ்சும் குழலை மருத்துவர் தடுத்துவிட்டதால், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் சிறு ரப்பர்க் குழாயைப் பொருத்திக் கன்னத்தின் உட்புறமாக ஊற்றினார்கள். உதடு மரத்திருந்ததால் சூடு தெரியாது. தாய் தம் விரலில் தொட்டுப் பார்த்தே கொடுத்தார். அப்படியும் பெண் 5 கிலோ மெலிந்தாள். அவ்வீட்டில் ஆறு வாரம் மீன் வறுக்கவில்லை. தம்பி மட்டும் ஒருநாள் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வந்து, வாசலிலேயே வாய் கொப்பளித்து உள்ளே நுழைந்தான்.

மூன்றாம் வாரம்

அன்பு வாசகர்களே, இக்கட்டுரையில் நீங்கள் ஒன்றையே நினைவில் வைத்துக்கொள்வதாயின் இப்பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் எல்லாரும் வந்தார்கள். பழம் கொண்டு வந்தார்கள், ஜெபித்தார்கள். மூன்றாம் வாரத்தில் ஒருவரும் வரவில்லை. வந்த ஓரிருவரும், “இன்னும் வீக்கம் வடியவில்லையே!” என்றும், “முன்பே நன்றாகத்தானே இருந்தாய்” என்றும் சொல்லிப் போனார்கள். ஒருநாள் மாலை தாய் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையிலேந்திப் பங்கு இல்லத்துக்கு ஓடி வந்தார். அதில் மகள், “நான் தவறு செய்துவிட்டேன். இது யார் முகம் என்று தெரியவில்லை” என்று எழுதியிருந்தாள்.

நாம் உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் வியப்படையவில்லை. “இரண்டாம், மூன்றாம் வாரத்தில் பலருக்கு இப்படி வரும். உணவு குறைவு, உறக்கம் இல்லை, உடல் தளர்ந்திருக்கிறது. பழைய முகம் போய்விட்டது. புதிய முகம் வீக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணாடியில் தெரிவது இரண்டுமன்று. வீக்கம் வடிந்து, மெல்லத் தொடங்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். ஆனால் தெளியாமல் நீடித்தாலோ, உணவை அடியோடு மறுத்தாலோ, வாழ விருப்பமில்லை என்று சொன்னாலோ ஒரு நாளும் தாமதியாமல் அழைத்து வாருங்கள்” என்றார்.

அன்று அவ்வீட்டுக்குச் சென்றோம். முன்பொருமுறை பிரசங்கம் செய்து கெடுத்தோமல்லவா? இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவர் கூறியதை அவளுக்கு அப்படியே சொல்லிவிட்டு, அருகில் அமர்ந்திருந்தோம். சிறிது நேரம் கழித்து அவள் நோட்டை வாங்கி, “இது எல்லாருக்கும் வருமா?” என்று எழுதினாள். “பலருக்கு வருமாம்” என்றோம். அந்த ஒரு செய்தியால் அவள் முகத்தில் ஒரு தளர்ச்சி நீங்கியதைக் கண்டோம். தான் மட்டும் இப்படி இல்லை என்று அறிவதே ஒரு மருந்து. அதற்குப்பின் மரியாயின் சேனையினர் நாளுக்கு ஒருவராக மாலையில் அரைமணி நேரம் வந்து அமர்ந்தார்கள். முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசலாகாது என்பது நாம் விதித்த ஒரே நிபந்தனை.

நற்கருணை எப்படி?

வாய் திறக்க இயலாதவர் நற்கருணை வாங்குவதெப்படி என்று அத்தாய் கேட்டார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 925-ஆம் சட்டம், தேவை ஏற்படின் இரச வடிவில் மட்டுமே நற்கருணை வழங்க இடம் தருகிறது. ஆகவே மூடிய சிறு பாத்திரத்தில் திரு இரத்தத்தைக் கொண்டு சென்று, சிறு கரண்டியால் சில துளிகள் வழங்கினோம். இரண்டு மணிக்கு ஒருமுறை கஞ்சி குடிப்பவர் ஒரு மணி நேர உபவாசத்தைக் காப்பதெப்படி? 919-ஆம் சட்டம் நோயாளிகளுக்கும், அவர்களைப் பேணுவோருக்கும் அந்த உபவாசத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. பேணுவோரையும் சட்டம் மறக்கவில்லை என்பது அத்தாய்க்கு ஆறுதலாயிருந்தது.

மீண்டும் மெல்லுதல்

அதன்பின் நாட்கள் விரைந்தன. குழைந்த சாதம், பாலில் ஊறிய இடியாப்பம், சாம்பாரில் கரைத்த இட்லி, முள் நீக்கி மசித்த மீன் என்று உணவு ஏறியது. எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை மென்மையானவையே. மருத்துவர் அனுமதித்தபின் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து மூடும் பயிற்சி. ஒரு விரல், இரண்டு விரல், பின்பு மூன்று விரல் அகலம் என்று வாய் திறந்தது. ஒரு மாதத்துக்குச் சற்றுப் பிந்திக் கல்லூரிக்குப் போனாள். கம்பி இன்னும் சில மாதம் இருந்து 2025 தொடக்கத்தில் கழன்றது. பற்கள் பழைய இடத்துக்குப் போகாமலிருக்க இரவில் ஒரு தகடு அணிகிறாள். முகம் முற்றிலும் தெளிய ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது.

வீடு திரும்பியவருக்குக் காய்ச்சல், குறைந்த வீக்கம் மறுபடி கூடுதல், சீழ் அல்லது கெட்ட நாற்றம், நில்லாத இரத்தப்போக்கு, பொருந்திய கடி திடீரென மாறுதல் இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு கணமும் காத்திருக்கலாகாது.

பெற்றோருக்கு

நிற்க. பல் சற்றுத் தூக்கலாயிருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த அறுவை தேவையென்று எண்ணிவிடாதீர்கள். பலருக்குக் கம்பியே போதும். சிலருக்கு ஒன்றும் வேண்டாம். சினிமா முகத்தைக் காட்டி, “இதுபோல் ஆக்குங்கள்” என்று கேட்பதற்குரிய சிகிச்சையுமன்று இது. ஒரு மருத்துவர் சொன்னால் இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனியார் மருத்துவமனைகளைவிடச் செலவு மிகக் குறைவு.

குழந்தைக்கு 7 வயது ஆனதும் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் பருவத்திலேயே கண்டுகொண்டால் சிலருக்குக் கருவிகளால் தாடையின் வளர்ச்சியை ஓரளவு வழிப்படுத்தலாம். முகவாயில் பலமாக அடிபட்டு விழுந்த பிள்ளைக்கு வாய் சரியாகத் திறக்கவில்லையெனில் அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் பிள்ளை பந்தியில் கடைசியாக எழுந்தால், ‘மெதுவாகத் தின்னும் பிள்ளை’ என்று விட்டுவிடாமல் ஏன் என்று பாருங்கள்.

2025 ஜனவரியில் மீண்டும் புனித செபஸ்தியார் திருவிழா. பந்தியின் நடுவரிசையில் தோழியர் இருவருக்கிடையே அவளைக் கண்டோம். கீழுதட்டின் இடப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இன்னும் உணர்ச்சி இல்லை. சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறதோ என்று அடிக்கடி கைக்குட்டையால் தொட்டுக்கொள்கிறாள். முகக்கவசம் ஒன்று பையில் இன்னும் கிடக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். “முறுக்கு?” என்று கேட்டோம். “கடித்துவிட்டேன் சாமி. ஊறவைக்கவில்லை” என்றாள்.

தந்தை அன்று கேட்ட கேள்விக்கு நமது பதில் இப்பொழுது இது: முகத்தை மாற்றலாமா என்று கேட்பதற்கு முன், அந்த முகத்துக்குப் பின்னே என்ன வலி இருக்கிறது என்று கேட்போம். அதற்கு மருந்து உண்டெனில் மருத்துவரிடம் செல்வோம். மருத்துவர் தம் நான்கு மணி நேர வேலையை முடித்துத் திரும்பியபின், நம்முடைய வேலையை நாம் செய்வோம். முக்கியமாக மூன்றாம் வாரத்தில்.